நுணாந்தீவில் தாழ்ப்பாள் வந்த கதை

பொழுதுபட்டு விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் கேட்டது. அம்மிக்கல்லை யாரோ மணலில் இழுத்துக்கொண்டு வருவதுபோலச் சர்ர் என்று ஓர் இழுவை, ஒரு மூச்சு விடுகிற இடைவெளி, பிறகு மறுபடி சர்ர் என்று ஓர் இழுவை. தர்சிகா முதலில் தன் வீட்டு அம்மியைத்தான் பார்த்தாள். இருட்டியதும் அதைத் தள்ளிக்கொண்டு போய்க் கதவுக்கு முட்டுக் கொடுப்பது, இந்தத் தீவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த கொஞ்ச நாளிலிருந்து அவளுடைய வழக்கம். அம்மி வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. சேலையில் கட்டிய ஏணைக்குள் மகள் ஆரணி இரண்டு கையையும் மேலே தூக்கிச் சரணடைந்தவள் போல நித்திரையாக இருந்தாள். புருஷனின் தமக்கையான மலர் மச்சாள் நாடகம் பார்க்கப் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள். புருஷன் கோபிதரன் கத்தாரில் இருந்தான். சத்தம் வேலிப் படலையைத் தாண்டி முற்றத்துக்குள் வந்துவிட்டது.

நுணாந்தீவில் எந்த வீட்டுக் கதவுக்கும் உட்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் பிடித்து, லோஞ்சில் ஏறி, பாதிக் கடலில் வாந்தியெடுத்து, இறங்குதுறையில் கால் வைக்கிற எந்த மருமகளுக்கும் முதலில் சொல்லப்படுகிற சேதி அதுதான். முன்னொரு காலத்தில், தீவில் நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றுகூட இல்லாத காலத்தில், ஒரு புயல் நாளில் அம்மாள் கடலிலிருந்து கரையேறி, நனைந்த சேலையோடு வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினாளாம். எல்லாக் கதவும் உள்ளே பூட்டிக் கிடந்ததாம். விடியப் பார்த்தால் கடற்கரையில் முழங்கை நீளக் கருங்கல்லாக நின்றாளாம். ஊர் தலையில் அடித்துக்கொண்டு அன்றைக்குக் கழற்றிக் கடலில் எறிந்த தாழ்ப்பாள்களில் ஒன்றிரண்டு இன்றைக்கும் துருப்பிடித்து வலையில் வருகின்றன என்பார்கள். கல்லுக்குக் கரையேறி அம்மன் என்று பெயர் வைத்து, மூன்று சுவரும் ஒரு கூரையுமாக, கடலைப் பார்த்த பக்கம் திறந்தபடி கோயில் கட்டினார்கள். அவளுக்குக் கதவில்லை, எங்களுக்குத் தாழ்ப்பாள் இல்லை, கணக்குச் சரி என்பது தீவின் நியாயம். களவும் கிடையாது. களவெடுத்தவன் எங்கே ஓடுவான், கடைசி லோஞ்சு பின்னேரமே போய்விடும்.

ஆனால் தர்சிகா கொன்வென்ற் விடுதியில் வளர்ந்தவள். அங்கே ஒரு கதவுக்கு மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு தாழ்ப்பாள். படுக்கப் போகுமுன் சிஸ்டர் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்ப்பார். பிறகு எல்லாப் பிள்ளைகளும், திருநீறு பூசினவர்களும்தான், காவல் சம்மனசு என்கிற தேவதூதருக்கு ஒரு செபம் சொல்லிப் படுப்பார்கள். அவளுக்கு இருட்டென்றால் பயம், காற்றென்றால் பயம், பனையோலை உரசினால் பயம், நாய் குரைத்தால் பயம், நாய் குரைக்காவிட்டால் அதைவிடப் பயம். கலியாணம் பேசி முடித்தவுடன் அவள் செய்த முதல் காரியம், பெரியகடையில் பித்தளைத் தாழ்ப்பாள் ஒன்று வாங்கி, பழைய பள்ளிக்கூடக் கழுத்துப்பட்டியில் சுற்றிப் பெட்டிக்கு அடியில் வைத்தது. வந்த கிழமையே அதை எடுத்துக்கொண்டு தச்சுவேலை செய்கிற செபமாலையிடம் போனாள். செபமாலை தீவின் தெற்கு முனையில் மாதா கோயிலடியில் வள்ளம் திருத்துகிறவர். அம்மன் கட்டுப்பாடு அவருக்குப் பொருந்தாது என்று நினைத்துத்தான் போனாள். அவர் தாழ்ப்பாளை வாங்கி, தடவிப் பார்த்து, நல்ல சாமான் என்று மெச்சி, திருப்பிக் கொடுத்தார்.

"நான் மாதா கோயில் ஆள்தான், தங்கச்சி. ஆனா இருக்கிறது இந்த அம்மாளின்ர காணியிலயெல்லோ."

அதனால்தான் அம்மி. இப்போது கதவு மெல்லத் தள்ளுப்பட, அம்மி, ஒரு கல் இன்னொரு கல்லுக்கு வழிவிடுகிற மரியாதையோடு ஓரமாக நகர்ந்து நின்றது. உள்ளே வந்தது கரையேறி அம்மாள். மாலைப் பூசைக்குச் சாத்திய சிவப்புப் பட்டு பின்னால் இழுபட, ஒரு காதில் மல்லிகை தொங்க, தவழ்ந்து வந்தாள். வெள்ளி முகத்தைப் பூசாரியார் வழக்கம்போலக் கழற்றித் தகரப்பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருந்ததால், முகமென்று இருந்தது சந்தனம் பூசிப் பூசித் தேய்ந்த இரண்டு குழியும் அவற்றுக்குக் கீழே ஒரு கீறலும்தான். அந்தக் கீறல் திறந்து, ஆட்டுக்குட்டி கத்துவதற்கும் சங்கு ஊதுவதற்கும் நடுவிலான ஒரு குரலில் அழுதது.

தர்சிகா கத்த வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. ஆனால் சட்டை நனைந்துவிட்டது. எந்தப் பிள்ளை அழுதாலும் சுரந்துவிடுகிற நாட்கள் அவை. மிகவும் பயந்தவர்களுக்கு மனசு நின்றுபோனாலும் கை நிற்பதில்லை. கை பிள்ளையைத் தூக்கியது, பட்டை உதறி மணலைத் தட்டியது, மடியில் போட்டது. கல் முதலில் கிணற்றுக்கட்டுப் போலக் குளிர்ந்திருந்தது, பிறகு வெயில் பட்ட கிணற்றுக்கட்டுப் போல ஆனது, பிறகு பிள்ளைச் சூட்டுக்கு வந்தது. பால் குடிக்கும்போது அம்மாள் ஒரு கையால், கையென்று தனியாக ஒன்றும் இல்லை, இருந்தும் ஒரு கையால், தர்சிகாவின் சுட்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். நாடகம் முடிந்து வந்த மலர் மச்சாள் வாசலில் நின்று பார்த்தாள்.

"ஏவறை எடுத்தனியே?" என்றாள். தர்சிகா தலையை ஆட்டி இல்லையென்றாள். மச்சாள் அம்மாளை வாங்கித் தோளில் போட்டு, முதுகில் தட்டி ஏப்பம் வரவைத்து, என்ன பாரமடியம்மா என்று முனகியபடி ஆரணிக்குப் பக்கத்தில் பாயை விரித்துக் கிடத்தினாள்.

காலையில் பூசாரியார் ஏகாம்பரம் பீடம் வெறுமையாக இருக்கக் கண்டு, மணலில் பட்டு இழுபட்ட தடத்தைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அவர் முகத்தில் இருந்தது பரவசமா களைப்பா என்று சொல்ல முடியாது. முதுகுவலிக்காரர், திரும்பத் தூக்கிக்கொண்டு போகவேண்டிய தூரத்தைத்தான் முதலில் நினைத்திருப்பார். மச்சாள் அவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்து, பிள்ளை இப்பதான் கண் அயர்ந்தது, எழுப்பவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அம்மாள் எழும்பும்வரை பூசை தாமதமாயிற்று. அன்றைக்குப் பொழுதுபட மறுபடி அந்தச் சர்ர். அதற்கடுத்த நாளும். தீவுக்கு விஷயம் விளங்கிவிட்டது: இந்த வருஷம் அம்மாள் குழந்தை, தீவில் கைக்குழந்தைக்காரி தர்சிகா ஒருத்திதான், வேறு எங்கே போவாள்?

கோயில் தலைவர் சிவபாதம், இளைப்பாறிய தபாலதிபர், கூட்டம் வைத்தார். ஏன் இப்படி நடந்தது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அது அம்மாளின் சொந்த விஷயம். கேட்கப்பட்டவை வேறு. பிள்ளைப்பெற்ற வீட்டுத் துடக்குத் தீட்டு அம்மாளுக்கு உண்டா? வருகிறவவுக்கே கவலையில்லை என்றால் எங்களுக்கென்ன என்று தீர்மானமாயிற்று. வசம்பு கட்டலாமா? கட்டலாம். கண்ணூறு படாமல் கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைக்கலாமா? கருங்கல்லில் கறுப்புப் பொட்டு தெரியாது என்று ஒருவர் சொல்ல, வெள்ளைப் பொட்டு வைப்பதென்று முடிவாயிற்று. ஒலிபெருக்கியில் காலைப் பக்திப் பாட்டு நிறுத்தப்பட்டுத் தாலாட்டுப் போடப்பட்டது. அதைக் கேட்டு மீன்பிடிக்கப் போகவேண்டிய ஆம்பிளைகள் பாதிப்பேர் திரும்பிப் படுத்தார்கள். குழந்தைகளை நிறுக்க மாதமொருமுறை லோஞ்சில் வருகிற மருத்துவிச்சி மிசியிடம், அம்மாளையும் தராசில் வைக்கச்சொல்லி மச்சாள் பிடிவாதம் பிடித்தாள். தராசு முள் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. மிசி, நல்ல வளர்த்தி என்று மட்டும் சொன்னாள்.

சேதி கடலைத் தாண்டியது. லோஞ்சுக்கு நடைகள் கூடின. மற்றத் தீவுகளிலிருந்தும், நெடுந்தொலைவு ஊர்களிலிருந்தும், கொழும்பிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். முன்பெல்லாம் பட்டும் தேங்காயும் கொண்டுவந்தவர்கள் இப்போது பால்மாப் பெட்டியும், கிலுகிலுப்பையும், கம்பளித் தொப்பியும், சரிகை வைத்த சின்னச் சட்டையும் கொண்டுவந்தார்கள். கோயிலைப் பார்க்க வந்தவர்கள் இல்லை அவர்கள். பால் குடிக்கிற அம்மாளைப் பார்க்க வந்தவர்கள். அவள் குடிப்பது தர்சிகாவின் வீட்டில். அந்த வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது.

வந்தார்கள். அவள் சோறு தின்னும்போது வந்தார்கள், குளித்துத் தலை துவட்டும்போது வந்தார்கள், கண்ணயர்ந்து விழிக்கும்போது பாயைச் சுற்றி வட்டமாக இருந்து அவளைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆரணியைக் கை மாற்றிக் கை மாற்றிக் கொஞ்சினார்கள், ஏனென்றால் அவள் அம்மாளின் பால்சகோதரி. ஒருமுறை பிள்ளையைக் காணாமல் அவள் பதறி ஓடிப்போய்ப் பார்த்தால், இறங்குதுறையில் யாரோ ஒரு ஆச்சி ஆரணியின் காலைத் தன் முழங்காலில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள், வாதத்துக்கு நல்லதாம். தர்சிகா தலைவரிடம் போய், பொழுதுபட்ட பிறகாவது ஆட்களை விடவேண்டாம் என்று கேட்டாள்.

"உம்மட மடி இப்ப கோயில், பிள்ளை," என்றார் சிவபாதம், மிகவும் அன்பாக. "கோயிலை மறைக்கலாமோ?"

கோபிதரன் கத்தாரிலிருந்து வீடியோவில் அழைப்பு எடுத்தான். அவனுக்குப் பின்னால் அறை முழுக்க ஆம்பிளைகள் கைகூப்பி நின்றார்கள். அம்மாள் நல்லாப் பால் குடிக்கிறாவோ என்றுதான் முதலில் கேட்டான். மகளைப் பற்றிக் கேட்குமுன் தொடர்பு அறுந்துவிட்டது. தர்சிகா கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

மகளைப் பற்றிச் சொல்ல அவளிடம் ஒரு சேதி இருந்தது. அம்மாள் கொழுக்கக் கொழுக்க ஆரணி மெலிந்தாள். ஒரு கல்லும் ஒரு பிள்ளையும் குடிக்கிற அளவுக்கு ஒரு பெண்ணுடம்பில் பால் ஊறாது. சூப்பிப் போத்தலில் கரைத்துக் கொடுத்த பால்மாவை ஆரணி அப்படியே கக்கினாள். மிசி அடுத்த முறை வந்தபோது அம்மாளின் பக்கம் திரும்பவே இல்லை. ஆரணியைத் தராசில் வைத்தாள், இறக்கினாள், திரும்ப வைத்தாள், தர்சிகாவைத் தனியே கூட்டிப்போய், இப்படியே போனால் பிள்ளையைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிவரும், முழுப்பாலையும் இதுக்குக் கொடு, அடுத்த கிழமை வந்து பார்ப்பேன் என்றாள். தர்சிகாவுக்கு அதற்குப் பிறகு காற்றும் பனையோலையும் நாயும் பெரிதாகத் தெரியவில்லை. ஒரே ஒரு பயம் மற்ற எல்லாவற்றையும் விழுங்கி உட்கார்ந்துகொண்டது.

அவள் முகத்தைப் பார்த்து மலர் மச்சாளுக்கே மனம் இளகிற்று. அம்மாளுக்குப் பால் மறக்கடிக்க வேண்டியதுதான் என்று அவள் கூட்டத்தில் எழும்பிச் சொன்னாள். பிள்ளை வளர்ந்தால் பால் மறப்பது முறை, அதில் என்ன குற்றம்? எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். பால் மறக்கடிக்கத் தீவுக்குத் தெரிந்தது ஒரே வழி: வேப்பங்கொழுந்தை அரைத்துப் பூசுவது. அந்தக் கூட்டத்தில் இருந்த தலைவர், பூசாரியார், மீன்காரர், கூட்டுறவுச் சங்கக்கடைக்காரர் எல்லோரும் ஒரு காலத்தில் அந்தக் கசப்பை நக்கி முகத்தைச் சுளித்து மனிசரானவர்கள்தான். ஏகாம்பரமே கோயில் வேம்பிலிருந்து நல்ல தளிராகப் பார்த்துப் பறித்து வந்தார். மச்சாள் வெண்ணெய்போல அரைத்தாள். இடது பக்கம் அம்மாளுக்கு, வலது பக்கம் ஆரணிக்கு என்பது ஏற்பாடு.

பொழுதுபட அம்மாள் வந்தாள். வாய் வைத்தாள். ஒரு கணம் நிறுத்தினாள். முற்றத்தில் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. பிறகு அம்மாள் அதுவரை யாரும் கேட்டிராத ஒரு சந்தோஷச் சத்தம் போட்டு, பூசியிருந்ததை நக்கித் துடைத்து, இரட்டிப்பாகக் குடித்து, இன்னும் வேண்டுமென்று மச்சாளின் கையிலிருந்த கிண்ணத்தை எட்டிப் பிடித்தாள்.

முதலில் தலையில் அடித்துக்கொண்டவர் ஏகாம்பரம். "விடிஞ்சா பொழுதுபட்டா நான் அவவுக்கு வேப்பிலைதானே சாத்துறன். அது அவவின்ர சாமானெல்லோ."

கூட்டம் சிரித்தது. சிரிப்பு பூசைத் தட்டுப் போல முற்றமெங்கும் கைமாறியது, தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், சங்கக்கடைக்காரர் வேலியைப் பிடித்துக்கொண்டார். உள்ளே, ஏணையிலிருந்து பசியில் எழும்பிய ஆரணியை யாரோ தூக்கித் தர்சிகாவின் மடியில் கிடத்த, பிள்ளை இருட்டில் தடுமாறி இடது பக்கம் வாய் வைத்தாள். வைத்தவள் வெடுக்கென்று திருப்பினாள். நாக்கை நீட்டி நடுங்கினாள். வலது பக்கம் காட்டினால் அதையும் நம்பவில்லை. கழுவினார்கள், சுடுதண்ணீரில் துடைத்தார்கள், தேன் தடவினார்கள். ஆரணி உதட்டை இறுக்கி மூடி, தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இரவும் குடிக்கவில்லை. மறுநாள் பகலிலும் குடிக்கவில்லை. கரண்டியால் ஊட்டிய கொஞ்சத் தண்ணீர்தான் இறங்கியது. பின்னேரம் அழுவதையும் நிறுத்திவிட்டாள். கடல் கொந்தளித்ததால் அன்று லோஞ்சும் ஓடவில்லை.

தர்சிகா எழும்பினாள். பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து கழுத்துப்பட்டிச் சுருளை எடுத்தாள். ஆரணியை நெஞ்சோடு சேர்த்துச் சேலைத்தலைப்பால் கட்டிக்கொண்டு, குறுக்கே வந்த பக்தர்களை விலக்கிக்கொண்டு, தெற்கு முனைவரை நடந்து செபமாலையின் முன்னால் தாழ்ப்பாளை வைத்தாள். இதைக் கதவில இன்றைக்குப் பூட்டித்தாருங்கோ என்றாள். செபமாலை வாயைத் திறந்தார். பிறகு சேலைக்குள் இருந்த முகத்தைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு திருப்புளியைத் தேடி எடுத்தார்.

அவர்கள் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் ஊர் வந்துவிட்டது. தலைவர் கையில் ஒலிபெருக்கி இருந்தது, ஆனால் பேச்சுத்தான் வரவில்லை, ஏனென்றால் வாசலை மறித்துக்கொண்டு மலர் மச்சாள் நின்றாள். மறித்தது செபமாலையை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் விலகி அவருக்கு வழிவிட்டு, திரும்ப மறித்தாள்.

"கிழவர் ஆணி அடிக்கட்டும். ஆருக்காவது ஏதும் சொல்ல இருந்தா எனக்குச் சொல்லுங்கோ," என்றாள். "அது என்ர தம்பியின்ர பிள்ளை."

செபமாலை கதவில் இடம் பார்த்துப் பென்சிலால் கோடு இழுத்தார். அப்போதுதான் பொழுதுபட்டது, அப்போதுதான், தூரத்தில், சர்ர்.

இத்தனை நாளும் தர்சிகா அந்தச் சத்தத்தை வீட்டுக்குள் இருந்து கேட்டவள். வெளியே, படலையடியில் நின்று, அம்மாள் வருகிற வழியைப் பார்ப்பது இதுதான் முதல்தடவை. கோயிலிலிருந்து வீட்டுக்கு ஒரு மணற்பாதை, இரண்டு பக்கமும் பனை. சின்னக் கறுப்பாக அம்மாள் பாதையில் தெரிந்தாள். கொஞ்சத் தூரம் விரைந்து தவழ்ந்தாள். ஒரு பனையின் நிழல் பாதையில் விழுந்த இடத்தில் நின்றாள். நிழலைச் சுற்றிக்கொண்டு வந்தாள். எங்கேயோ ஒரு நாய் குரைக்க, பட்டை இழுத்துத் தலைக்குமேல் போட்டுக்கொண்டு குந்தினாள். பிறகு ஒருமுறை, கடல் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, முன்னைவிட வேகமாக, பின்னால் யாரோ துரத்துவதுபோல வந்தாள்.

அந்த நடை தர்சிகாவுக்குத் தெரியும். மாலையில் கிணற்றடியிலிருந்து வாளியும் கையுமாக அவள் வீட்டுக்கு வருகிற நடை அது. அதே நிழலடியில் நிற்பது, அதே நாய்க்குப் பதறுவது, அதே திரும்பிப்பார்ப்பது. தீவில் வேறொருவருக்கும் அந்த நடை கிடையாது. அம்மாள் இருக்கிறாள் என்ற தைரியத்தில் தலைமுறை தலைமுறையாகக் கதவைத் திறந்துபோட்டுப் படுத்தவர்களுக்கு அந்த நடையைக் கண்டால் அடையாளம் தெரியாது.

"இவவுக்குப் பசி இல்லை," என்றாள் தர்சிகா.

ஏகாம்பரம் அவளைப் பார்த்தார்.

"பயம். இவ பயந்துபோய் ஓடி வாறா."

"அம்மாளுக்கென்ன பயம், பிள்ளை? உலகத்தைக் காக்கிறவ."

"நீங்கள் விளக்கை வைச்சிட்டு வீட்ட போயிடுவியள். மூண்டு சுவர், முன்னால கடல். ஒருக்காத் தனியப் படுத்துப் பாருங்கோ, ஐயா."

அம்மாள் அதற்குள் வந்து அவள் காலைக் கட்டிக்கொண்டாள். குளிர்ந்து போயிருந்தாள். பூசாரியார் தன் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து யாராவது அங்கே தனியாகப் படுத்ததுண்டா என்று யோசித்தார்; யோசிப்பது முகத்தில் தெரிந்தது. புயலில் நனைந்த சேலையோடு கதவு கதவாகத் தட்டி ஒன்றும் திறக்காமல் போனவளுக்கு அதற்குப் பிறகு ஒரு கதவுகூட வைத்துக் கொடுக்கவில்லையே என்பது அந்த முற்றத்தில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நேரத்தில் உறைத்திருக்கவேண்டும், ஏனென்றால் ஆட்கள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்தார்கள். தலைவர் ஒலிபெருக்கியை நிலத்தில் வைத்தார்.

தர்சிகா ஒரு கையால் மகளைப் பிடித்தபடி இன்னொரு கையை நீட்டிச் செபமாலையிடமிருந்து தாழ்ப்பாளை வாங்கினாள். அது கையில் பாரமாக இருந்தது. எத்தனையோ இருட்டில் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பச் சுருட்டி வைத்திருக்கிறாள். அதை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"இதை அங்க பூட்டுங்கோ, அண்ணை. முதல்ல ஒரு கதவு செய்யுங்கோ."

கதவு செய்துமுடியும்வரை தர்சிகா கோயிலிலேயே படுத்தாள். வீட்டில் படுக்கப் பயந்தவள், மூன்று சுவருக்குள், கடலுக்கு எதிரே, ஒரு பக்கம் கல்லும் ஒரு பக்கம் பிள்ளையுமாகப் படுத்தாள். மச்சாள் நாடகத்தை விட்டுவிட்டு வந்து திறந்த பக்கம் குறுக்கே பாயைப் போட்டுக் குறட்டை விட்டாள்; அந்தக் குறட்டையைத் தாண்டி எந்தப் பேயும் வராது என்று ஊர் சொன்னது. முதல் இரவு அம்மாள் பால் கேட்கவே இல்லை. தர்சிகாவின் சுட்டுவிரலைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள், அவ்வளவுதான். விடியுமுன், காற்று விழுந்து கடல் அடங்கிய நேரத்தில், ஆரணி நித்திரையிலேயே தலையைத் திருப்பி, தேடி, வலது பக்கத்தைக் கண்டுபிடித்து, ஒருமுறை சப்பி, நிறுத்தி, கசப்பில்லை என்று தெரிந்து, மறுபடி சப்பினாள். தர்சிகா அசையவில்லை. கால் மரத்துப்போனது, தோள் மரத்துப்போனது, சூரியன் வந்து கண்ணில் குத்தியது, அசையவில்லை.

கதவுக்கு ஊரே மரம் கொடுத்தது. பழைய வள்ளங்களின் பலகை, சங்கக்கடை இறாக்கைத் தட்டு, சிவபாதத்தின் தபால்கந்தோர் மேசையின் ஒரு பக்கம். நீலமும் பச்சையும் சிவப்புமாக, வள்ளத்தின் பெயரெழுத்து பாதி தெரிய, கதவு நிமிர்ந்தது. செபமாலை தாழ்ப்பாளைக் கதவில் பொருத்திப் பூட்டியபோதுதான் ஏகாம்பரம் கவனித்தார், அவர் அதை உட்பக்கம் பூட்டியிருந்தார். பூசாரியார் விடவில்லை. எந்தக் கோயிலுக்கு உள்ளே தாழ்ப்பாள் வைத்தார்கள்? வெளியே பூட்டித் திறப்புச் சாவியைப் பூசாரி கையில் கொடுப்பதல்லவா முறை? உள்ளே பூட்டுவதற்கு யார் இருக்கிறார்கள்?

"வெளியால பூட்டினா அது மறியல் வீடு, சிறை," என்றார் செபமாலை, ஆணியை வாயில் கவ்வியபடி. "பொம்பிளைப்பிள்ளை படுக்கிற அறையெண்டு சொல்லித்தானே என்னட்ட வேலை தந்தனீங்கள்."

அன்று பொழுதுபட ஊர் முழுதும் கோயிலடி மணலில் கூடியது. தர்சிகா உள்ளே போனாள். அம்மாளைப் பீடத்தில் கிடத்தி, பட்டைச் சரிசெய்து, தாழ்ப்பாளை இழுத்துக் காட்டினாள்: இப்படித் தள்ளினால் பூட்டு, இப்படி இழுத்தால் திறப்பு. இரண்டு முறை காட்டினாள். பிறகு, வேறொன்றும் நினைவுக்கு வராததால், காவல் சம்மனசுக்கான செபத்தை அம்மாளின் காதில் மெதுவாகச் சொன்னாள். அம்மாள் பிடித்திருந்த விரல் கொஞ்சம் கொஞ்சமாக விடுபட்டது. வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

எல்லோரும் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார்கள். ஒன்றும் கேட்கவில்லை. கடல் ஒருமுறை வந்து போயிற்று. தலைவர் தொண்டையைச் செருமினார். பூசாரியார், நான் சொன்னனெல்லோ என்ற முகத்தோடு இடுப்பில் கைவைத்தார். குழந்தைதானே, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழகும் என்று மச்சாள் முணுமுணுத்தாள்.

"நாங்கள் போறம், பிள்ளை," என்று தர்சிகா கதவுக்குச் சொன்னாள். "விடிய வருவன்."

மச்சாளிடமிருந்து ஆரணியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, மற்றவர்கள் அசையுமுன் முதல் ஆளாக, பனைகளுக்கு நடுவே அந்தப் பாதையில் நடந்தாள். நிழல் விழுந்த இடத்தை மிதித்துக்கொண்டு போனாள். நாய் குரைத்தது, அவள் ஆரணியின் முதுகில் தட்டிக்கொண்டே போனாள், வீட்டுக்குப் போய் அம்மியில் சம்பலுக்கு அரைக்கவேண்டும் என்று நினைத்தபடி. படலை எட்டுகிற தூரம் வந்தபோது, காற்று ஒருகணம் ஓய்ந்தது. அவளுக்குப் பின்னால், தூரத்தில், பித்தளை பித்தளைமேல் வழுக்கிப் போய், தன் இடத்தில் டக் என்று விழுந்தது.